மரதன் ஓட்டமும் மாணவர் வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இம்மேடையிலே பேசுவதற்குச் செயலாளர் என்னை அழைத்தபோது, மாணவருக்குப் பயன்படும் விஷயம் எதுவாயினும் பேசலாம் என்று எழுதியிருந்தார். கல்வியின் பெருமையைப் பற்றியும் காலத்தின் அருமையைப் பற்றியும் என்னிலும் பன்மடங்கு நன்றாகப் பேசக்கூடிய பெரியோர்கள் முன்வரிசையில் வீற்றிருக்கின்றார்கள். ஆதலின் நான் நாள்தோறும் செய்துவரும் ஒரு கருமத்தைப் பற்றியே பேசத் துணிந்தேன். பேராதனையில் விஞ்ஞான பீடத்தில் நான்காம் ஆண்டிற் படிக்கின்றேன். ஆய்வுக் கட்டுரை ஒன்றும் எழுதி வருகின்றேன். அதனோடு மரதன் ஓட்டத்துக்கும் பயிற்சி செய்து வருகின்றேன்.

இதைக் கேட்டதும் சபையிலே இரண்டு எண்ணங்கள் எழுந்திருக்கும். பெரியோர்களின் எண்ணம், "படிக்கப் போன பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு? பரீட்சை முடிந்த பின் ஓடினால் ஆகாதா?" என்பது. இளைஞர்களின் எண்ணம், "ஓடுவதற்கு எங்களுக்கும் ஆசைதான், ஆனால் நேரம் எங்கே?" என்பது. ஒன்று கண்டனம், மற்றது சாக்கு. இரண்டும் நேரத்தைப் பற்றியவை. ஆதலின் இன்று நான் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும், உண்மையில் நேரத்தைப் பற்றியே பேசப்போகின்றேன்.

முதலில் மரதன் ஓட்டம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகின்றேன். நம் ஊர்களிலே சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலும், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னதாகவும், "மரதன்" என்ற பெயரால் சில மைல் தூரம் தெருவில் ஓடுவது வழக்கம். அது நல்ல வழக்கமே. எனினும் முழு மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர்; அதாவது 26 மைலும் 385 யாரும். 1896ஆம் ஆண்டு அதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டியில் ஓடிய தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அதில் முதலாவதாக வந்தவர் ஸ்பிரிடன் லூயிஸ் என்ற தண்ணீர் சுமந்து விற்கும் தொழிலாளி. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே பின்னர் 1921இல் நிரந்தர அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முதலிலே வென்றவர் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வோட்டம் வேலையற்றவர்களின் பொழுதுபோக்காக ஆரம்பமாகவில்லை.

வேறொரு வேலையைச் செய்துகொண்டே ஓடியவர்களில் மூவரைப் பற்றி இங்கு சொல்ல விரும்புகின்றேன்.

முதலாமவர் றொஜர் பனிஸ்ரர். இவர் மரதன் ஓடியவரல்லர். ஒரு மைல் ஓடியவர். ஆயினும் படிப்பையும் ஓட்டத்தையும் ஒருங்கே நடத்தியவர்களைப் பேசும்போது இவரை விட்டுவிட முடியாது. ஒக்ஸ்போட்டிலே பட்டம் பெற்றபின், ஓடும் மனிதனின் சுவாசம் எவ்வாறு இயங்குகின்றது என்பதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். பின் இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் மருத்துவ மாணவரானார். அங்கே அவருக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டு வேளைதான். 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி காலையில் வைத்தியசாலைக்குச் சென்று, தம் ஓட்டச் சப்பாத்தின் ஆணிகளை அங்குள்ள ஆய்வுகூடத்திலேயே தீட்டிக்கொண்டு, புகையிரதம் ஏறி ஒக்ஸ்போட்டுக்குப் போனார். அன்று மாலை ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி, நான்கு நிமிட எல்லையைக் கடந்த முதல் மனிதரானார். அவ்வாண்டோடு பந்தய ஓட்டத்தை விட்டு நரம்பியல் வைத்தியரானார். 2018இல் இறக்கும்வரை, ஓட்டத்திலும் பார்க்க வைத்தியத் துறையிற் செய்த பணியையே பெரிதாக மதித்தார்.

இரண்டாமவர் யப்பான் தேசத்து யூக்கி கவாவுச்சி. சைத்தாமா மாகாண அரசாங்கத்தின் உத்தியோகத்தர். பாடசாலை ஒன்றின் காரியாலயத்திலே முழுநேர வேலை. பிற்பகலிலே தொடங்கி இரவிலே முடியும் வேலையாதலின் காலையிலே ஓடினார். யப்பானிலே பெரிய கம்பனிகள் சம்பளம் கொடுத்து ஓட்டக்காரர்களை வளர்ப்பதுண்டு. இவரோ அத்தகைய ஆதரவின்றி, கந்தோர் வேலை செய்துகொண்டே 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் திகதி, குளிர்மழையும் எதிர்காற்றும் வீசிய நாளிலே, பொஸ்டன் மரதனை 2 மணி 15 நிமிடம் 58 செக்கனில் ஓடி வென்றார். வேலையை விட்டு முழுநேர ஓட்டக்காரரானது அதற்கு அடுத்த ஆண்டிலேதான்.

மூன்றாமவர் அதே நாளில் அதே தெருவில் ஓடிய ஒரு பெண். சாரா செல்லர்ஸ் என்பது பெயர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வைத்தியசாலையொன்றிலே சத்திரசிகிச்சை நோயாளருக்கு மயக்கமருந்து கொடுக்கும் தாதி. வேலைக்கு முன் அதிகாலை நான்கு மணிக்கு, அல்லது வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு ஓடிப் பழகியவர். பெண்கள் பிரிவிலே அவர் 2 மணி 44 நிமிடம் 4 செக்கனில் இரண்டாவதாக வந்தபோது, பத்திரிகைக்காரர் பலருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை.

இம்மூவரிடத்தும் பொதுவாக உள்ளது என்ன? மூவருக்கும் அதிக நேரம் இருக்கவில்லை. ஆனால் இருந்த நேரத்துக்குத் திட்டமான எல்லை இருந்தது. பனிஸ்ரருக்கு ஒரு மத்தியானம், கவாவுச்சிக்கு ஒரு காலை, அத்தாதிக்கு ஒரு விடியற்பொழுது. அந்த எல்லைக்குள் வேறெதையும் அவர்கள் நுழையவிடவில்லை. எல்லை முடிந்ததும் ஓட்டத்தை வேலைக்குள் நுழையவிடவுமில்லை. எல்லையில்லாத நேரமே வீணாகும் நேரம். விடுமுறையில் நாள் முழுவதும் நம் கையில் இருக்கும். மாலையிலே கணக்குப் பார்த்தால் கொப்பியில் ஒரு பக்கமும் எழுதியிருக்கமாட்டோம்.

இனிப் பயிற்சி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை எண்கணக்கோடு சொல்கின்றேன். பயப்படாதீர்கள், சிறிய கணக்குத்தான்.

எனது பயிற்சித் திட்டம் இருபது வாரங்களுக்கு உரியது. வாரத்திலே நான்கு நாட்கள் மட்டும் ஓடுகின்றேன். செவ்வாய் 8 கிலோமீற்றர், வியாழன் 10, வெள்ளி 6, ஞாயிறு நெடுந்தூரம். கலகா வீதி பல்கலைக்கழகத்துக்கு ஊடாகச் செல்கின்றது. ஒருபுறம் மகாவலி, மறுபுறம் ஹந்தானை மலை. விடியுமுன் அங்கே குளிரும் மூடுபனியும் இருக்கும். ஒரு கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம் என்ற நிதான வேகம். பக்கத்திலே ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடிய வேண்டும்; அதுவே சரியான வேகம் என்பதற்கு அடையாளம்.

ஞாயிறு 20 கிலோமீற்றர் ஓடும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 44 கிலோமீற்றர். நேரம் 308 நிமிடம். அதாவது ஐந்து மணித்தியாலமும் எட்டு நிமிடமும். வாரத்திலே உள்ளவை 168 மணித்தியாலங்கள். நித்திரைக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் கொடுத்தாலும் மிச்சம் 112. அந்த 112இல் ஐந்து மணித்தியாலம் இல்லை என்று சொல்பவர், ஒரு வாரம் தம் கைத்தொலைபேசியைப் பார்க்கும் நேரத்தைக் குறித்துவைத்து, அதன்பின் என்னோடு வழக்காட வரலாம்.

ஞாயிறு ஓட்டம் 12 கிலோமீற்றரிலே தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறி 32 கிலோமீற்றர் வரை செல்லும். மூன்று வாரம் ஏறினால் நான்காம் வாரம் குறைய வேண்டும். போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்னரே மிக நீண்ட ஓட்டம் முடிந்துவிடும்; அதன்பின் தூரம் குறைந்துகொண்டே வரும். "போட்டி நெருங்க நெருங்கக் குறைப்பதா?" என்று கேட்பீர்கள். பயிற்சி தசையைக் களைக்கச் செய்கின்றது. அதைப் பலப்படுத்துவது பயிற்சிக்குப் பின் வரும் ஓய்வு. ஓடாத நாளும் பயிற்சியின் ஒரு பகுதியே. பரீட்சைக்கு முன்தினம் இரவு முழுவதும் கண்விழிக்கும் எங்கள் மாணவ சமுதாயத்துக்கு இப்பாடம் மிகவும் வேண்டியது.

இன்னுமொரு காரணமும் உண்டு. ஓடுபவருக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதி, ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமித்து வைத்த மாச்சத்திலிருந்து கிடைக்கின்றது. பலருக்கும் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் அளவிலே அச்சேமிப்பு வற்றத் தொடங்கும். அப்போது கால் ஈயக்குண்டாகும். மனம் "நில்" என்று சொல்லும். வழியிலே சிறிது சிறிதாக உணவெடுப்பதும், தொடக்கத்திலே வேகத்தை அடக்குவதும், பல மாதப் பழக்கமுமே இதற்கு மருந்து. தொடக்கத்திலே காட்டும் வீரத்துக்குக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீற்றரிலே வட்டியோடு கடன் கட்ட வேண்டிவரும். தண்ணீரையும் தாகத்துக்கேற்பவே குடிக்க வேண்டும். நம் வெயிலிலே குடியாதிருப்பதும் ஆபத்து, உப்பின்றி அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து.

"படிப்புக்கு இடைஞ்சல் இல்லையா?" என்று பெரியோர் கேட்கலாம். நேர்மையாகவே பதில் சொல்கின்றேன். ஓடினால் பரீட்சையிலே கூடிய புள்ளி வரும் என்று நான் சொல்லமாட்டேன். செவ்வாய் ஓடிவிட்டுச் செய்முறை வகுப்பிலே நான்கு மணித்தியாலம் நின்றால் கால் வலிக்கத்தான் செய்யும். பரீட்சை வாரங்களிலே ஞாயிறு ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். திட்டம் எழுதும்போதே அவ்வாறு எழுதியிருக்கின்றேன். ஆனால் ஒன்று கண்டேன். ஆய்வுக் கட்டுரையும் ஒரு நெடுந்தூர ஓட்டமே. அதை ஒரே இரவிலே எழுதி முடிக்க முடியாது. இன்று ஒரு பக்கம், நாளை ஓர் அட்டவணை, மறுநாள் பிழைத்த பரிசோதனையை மீண்டும் தொடங்கல். ஒரு நாளின் பங்கைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். இருபது வாரத்தின் பின் திரும்பிப் பார்த்தால்தான் தூரம் தெரியும். தொண்டைமானாற்றுச் சன்னிதியிலிருந்து கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கதிர்காமத்தை எண்ணி மலைப்பதில்லை; அன்றைய இரவுத் தங்குமிடத்தை எண்ணியே நடப்பார்கள்.

இதுவரை சொன்னவை யாவும் நேரம் உண்டு என்பதற்கு ஆதாரங்கள். இனிமேற் சொல்லப்போவதையே நான் இன்று முக்கியமாகக் கருதுகின்றேன். அந்த நேரம் யாருடையது?

விடுமுறையிலே நான் வீட்டில் நிற்கும்போது அதிகாலை ஓடப் புறப்பட்டால், எனக்கு முன் எழும்பித் தேத்தண்ணீர் வைப்பது அம்மா. ஓடி வந்தபின் உண்ணும் புட்டை அவிப்பதும் அம்மா. வேர்வை உடுப்பைக் கிணற்றடியிலே யாராவது தோய்க்க வேண்டும். ஓடுபவருக்குப் பதக்கம் கிடைக்கும். தேத்தண்ணீர் வைத்தவருக்கு என்ன கிடைக்கும்? "நான் படிக்கின்றேன், ஓடுகின்றேன், இரண்டையும் சமாளிக்கின்றேன்" என்று பெருமை பேசும் இளைஞர் பலருடைய பெருமைக்குள்ளே ஒரு தாயின் அல்லது சகோதரியின் நித்திரை அடங்கியிருக்கின்றது. ஆகையால் எனக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டேன். ஓடும் நாளிலே என் தேத்தண்ணீரும் என் உடுப்பும் என் பொறுப்பு. ஞாயிறு மத்தியானச் சமையலில் பாதியும் என் பொறுப்பு. என் ஓய்விலிருந்து எடுத்த நேரம் மட்டுமே என்னுடைய நேரம். பிறருடைய உழைப்பிலிருந்து எடுத்த நேரம் கடன்.

ஆனால் தீர்க்க முடியாத கடன் ஒன்று இருக்கின்றது. பேராதனையிலே நான் தோழியரோடு ஓடுகின்றேன். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம்மூர் ஒழுங்கையிலே ஓடினால், "என்ன பிள்ளை, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாயோ?" என்று ஒருவர் கேட்பார். அது பகிடி, நானும் சிரித்துவிட்டுப் போவேன். "பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை?" என்று இன்னொருவர் கேட்பார். அது பகிடியன்று. இருட்டிலே தனியாகப் போகவிட மனமின்றி, அப்பா சைக்கிளிலே பின்னால் வருகின்றார். வாரம் முழுவதும் வேலை செய்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் சைக்கிளிலே என் பின்னால் வருகின்றார். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆயினும் அந்த மூன்று மணித்தியாலம் என் கணக்கிலே எழுதப்படுகின்றது. என் தம்பி ஓடினால் அக்கணக்கே இல்லை.

இது நம்மூருக்கு மட்டும் உரிய குறையன்று. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, சைரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலே கத்தரின் சுவிற்சர் என்ற இருபது வயது மாணவி இருந்தார். பெண்களுக்கு அங்கே ஓட்டக் குழு இல்லாமையால், பல்கலைக்கழகத்தின் தபாற்காரராயிருந்த ஐம்பது வயதுப் பெரியவரோடு மாலையிலே பனியிலும் ஓடிப் பழகினார். பொஸ்டன் மரதனிலே பலமுறை ஓடிய அப்பெரியவர், பெண்ணொருத்தி அத்தூரம் ஓட முடியாது என்றே முதலிற் சொன்னார். பயிற்சியிலே ஓடிக் காட்டினால் தாமே அழைத்துச் செல்வதாகவும் சொன்னார். மாணவி 26 மைலும் ஓடியதோடு நில்லாமல், இன்னும் ஐந்து மைல் ஓடுவோம் என்றார். ஓடி முடிந்ததும் மயங்கி விழுந்தவர் பெரியவரே! சொன்ன சொல் தவறாமல் மாணவியைப் பொஸ்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஓட்டத்தின் நடுவே போட்டி அதிகாரியொருவர் தெருவிலே பாய்ந்து, அவருடைய 261ஆம் இலக்கத்தைப் பிடுங்க முயன்றார். உடன் ஓடியவர்கள் தடுத்தார்கள். மாணவி ஓட்டத்தை முடித்தார். 1972இலே பொஸ்டன் பெண்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இலே லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலே முதன்முறையாகப் பெண்களுக்கான மரதன் நடந்தது. 2017இலே, எழுபது வயதிலே, சுவிற்சர் அதே இலக்கத்தை அணிந்து அதே தெருவிலே மீண்டும் ஓடினார்.

இக்கதையிலே அம்மாணவியின் துணிவை எல்லோரும் போற்றுவார்கள். நான் அத்தபாற்காரரையும் போற்றுகின்றேன். முடியாது என்று நினைத்தவர், கண்ணாற் கண்டபின் மனம் மாறினார். பெரியோர்களாகிய உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவே.

ஆகவே, சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஞாயிறுதோறும் அதிகாலை ஐந்து மணிக்கு, நம் சனசமூக நிலைய முற்றத்திலே இளைஞரும் யுவதிகளும் கூடட்டும். இருபது பேர் ஒன்றாக ஓடினால், இருபது தகப்பன்மார் பின்னால் வரத் தேவையில்லை. முறைவைத்து இரண்டு பெரியவர்கள் தண்ணீரோடு சைக்கிளில் வந்தாற் போதும். யுவதிகள் பத்துப் பேர் சேர்ந்து ஓடும் ஒழுங்கையிலே, "இது என்ன வேலை?" என்ற கேள்வியும் நான்கு வாரத்திலே களைத்துப்போகும். முழு மரதன் எவருக்கும் கட்டாயமன்று. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் அதை எண்ணவும் வேண்டாம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் பத்துக் கிலோமீற்றர் நில்லாமல் ஓடுவதை இலக்காகக் கொள்வோம். முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்திருக்கட்டும். நெஞ்சு நோவோ வேறு நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே வரட்டும். பரீட்சைக்குப் படிப்பவர்கள் வாரம் மூன்று நாள் அரை மணித்தியாலம் ஓடினாற் போதும். அது புத்தகத்துக்குச் செய்யும் துரோகமாகாது.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஓடி முடிந்து வீட்டுக்குப் போனதும், "அம்மா, தேத்தண்ணீர்!" என்று முற்றத்திலிருந்தே குரல் கொடாதீர்கள். நீங்களே அடுப்பை மூட்டி, அம்மாவுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுங்கள். அன்றைய பயிற்சி அதோடுதான் முடிகின்றது.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்புமுன் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நான் இங்கே நிற்பேன். இரண்டு நாளும் ஐந்து மணிக்கு முற்றத்திலே காத்திருப்பேன். யார் யார் வருகின்றீர்கள் என்று பார்க்கின்றேன்.